எங்களை மட்டும்தான் நிறுத்துவார்களா?

வாசகர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் சம்மனை, அதாவது சாலைக் குற்றத்துக்குப் போலிஸ் எழுதும் அபராதச் சீட்டைப் பற்றியவைதான். அதனால் வேறு எதையும் எடுக்காமல் இதையே எடுத்துக்கொண்டேன். எழுதியவர்களின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் போடவில்லை. அவரவர் கடிதம் அவரவருக்குத் தெரியும்.

கேள்வி: அண்ணே, நான் செம்பனைத் தோட்டத்தில் குலை வெட்டுகிறேன். போன மாதம் காலை ஆறரை மணிக்கு வேலைக்குப் போகும்போது டவுன் முச்சந்தியில் போலிஸ் நிறுத்தினார்கள். ஹெல்மெட் வார் மாட்டவில்லை, பின்விளக்கு எரியவில்லை என்று இரண்டு சம்மன். நான் அங்கே நின்ற பத்து நிமிடத்தில் மூன்று கல் லோரிகள் தார்ப்பாய்கூடப் போடாமல் கல் சிந்திக்கொண்டே போயின. ஒன்றைக்கூட நிறுத்தவில்லை. சின்னத் தப்புக்கு எங்களைப் பிடிப்பதுதான் போலிஸ் வேலையா?

பதில்: தம்பி, லோரியைப் பற்றி நீங்கள் எழுதியது அத்தனையும் சரி. ஆனால் உங்கள் இரண்டு சம்மனையும் ‘சின்னத் தப்பு’ என்று என்னால் ஒதுக்க முடியவில்லை, அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

காலை ஆறரைக்கு நம் பக்கம் இன்னும் விடிந்திருக்காது. தோட்டத்துச் சாலையில் விளக்குக் கம்பமும் கிடையாது. பின்விளக்கு இல்லாத மோட்டார் சைக்கிள், பின்னால் வருகிறவன் கண்ணில் படும்போது அவன் ரொம்பக் கிட்ட வந்திருப்பான், அதற்குமேல் பிரேக்கை மிதித்து என்ன ஆகப் போகிறது. வார் மாட்டாத ஹெல்மெட்டும் அப்படித்தான், விழுகிற வேகத்தில் அது ஒரு பக்கம் போகும், தலை ஒரு பக்கம் போகும். 2023-இல் நம் மலேசியச் சாலைகளில் இறந்தவர்கள் 6,443 பேர். வருடா வருடம் சாகிறவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மோட்டாரில் போகிறவர்கள்தான். அதாவது உங்களையும் என்னையும் போன்றவர்கள். நம் தோட்டங்களில் எந்த லயத்துக்குப் போனாலும் இப்படிப் பிள்ளையைக் கொடுத்த வீடு ஒன்று இருக்கும்.

1992-இல் மோட்டாருக்குப் பகலிலும் முன்விளக்கு போட வேண்டும் என்று சட்டம் வந்தது. என் அப்பா அப்போது பால்மரம் சீவிக்கொண்டிருந்தார். வெயில் அடிக்கும்போது எதற்கு விளக்கு, பேட்டரிதான் போகும், சம்மன் எழுத இவர்களுக்கு இன்னொரு சாக்கு என்று வீட்டில் ஒரே சத்தம். பிறகு நம் நாட்டு ஆய்வாளர்களே கணக்குப் பார்த்தார்கள். மோட்டார் கண்ணில் படாததால் நடக்கும் விபத்துகள் ஏறக்குறைய 29 விழுக்காடு குறைந்திருந்தன. ஒரு சுவிட்சைத் தட்டியதில் இவ்வளவு. அதனால் தப்பு சின்னதா பெரியதா என்பதைச் சம்மன் தொகையை வைத்துப் பார்க்காதீர்கள், அந்தத் தப்பால் யார் சாவார்கள் என்று பாருங்கள்.

இனி லோரிக்கு வருகிறேன், ஏனென்றால் அதே அளவுகோலை வைத்துப் பார்த்தால் முச்சந்தியில் முதலில் நிறுத்தியிருக்க வேண்டியது அதைத்தான்.

2025 மே 13-ஐ நம் பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். தெலுக் இந்தானில் சித்ரா பௌர்ணமி ஊர்வலத்துக்குப் பாதுகாப்புக்கு வந்த கலகத் தடுப்புப் போலிஸார் வேலை முடிந்து ஈப்போவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். சிக்குஸ் – சுங்கை லம்பாம் சாலையில் ஜல்லி ஏற்றி வந்த லோரி அவர்கள் வண்டியில் மோதி ஒன்பது பேர் இறந்துபோனார்கள். நம் காவடிக்கும் தேருக்கும் இரவெல்லாம் காவல் நின்ற பிள்ளைகள். அந்த லோரி அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றியிருந்தது என்று விசாரணையில் வெளிவந்தது. ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஜூன் 9-ஆம் தேதி கிரிக் பக்கம் கிழக்கு மேற்கு நெடுஞ்சாலையில் பேருந்து கவிழ்ந்து சுல்தான் இட்ரிஸ் பல்கலைக்கழக மாணவர்கள் 15 பேர் போனார்கள். அந்தப் பேருந்து ஓட்டுநர்மீது அதற்கு முன்பே 18 சம்மன்கள் இருந்தன என்று அதிகாரிகளே சொன்னார்கள்.

பதினெட்டு! அதில் பெரும்பாலானவை வேகத்துக்கு. யாரும் அவரைப் பிடிக்கவில்லை என்று சொல்ல முடியாது, பதினெட்டு முறை பிடித்திருக்கிறார்கள், காகிதம் எழுதியிருக்கிறார்கள், அதோடு விட்டிருக்கிறார்கள். எனக்கு வருகிற கோபம் இதில்தான். போலிஸ் சின்னத் தப்பைப் பார்ப்பது எனக்குக் குறையாகத் தெரியவில்லை. சுலபமாக நிற்கிறவனை நிறுத்தி, எழுதி, அத்தோடு வேலை முடிந்தது என்று போவதுதான் குறை. மோட்டார்க்காரன் கை காட்டினால் நின்றுவிடுவான், ஐந்து நிமிடத்தில் ஒரு சம்மன் முடிந்துவிடும். லோரியை நிறுத்தினால் எடை மேடைக்குக் கொண்டுபோக வேண்டும், பெர்மிட் யார் பெயரில், முதலாளி யார், டயர் எப்படி என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும், அரை நாள் அதற்கே போய்விடும். அதற்குள் ‘தொந்தோ’ ஆட்கள் (சோதனை எங்கே என்று லோரிகளுக்கு உளவு சொல்கிறவர்கள்) வாட்ஸ்அப்பில் தகவல் கொடுத்து, பின்னால் வருகிற லோரிகள் எல்லாம் எங்காவது கடை ஓரத்தில் ஒதுங்கி நின்றுவிடும். சிரமமான வேலைதான், மறுக்கவில்லை. ஆனால் உயிர் போவது அந்த இடத்தில் என்றால் அந்தச் சிரமத்தைப் பட்டுத்தான் ஆக வேண்டும்.

பணத்தையும் சொல்ல வேண்டும். குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி (ரிங்கிட்), 26 நாளுக்கு வகுத்தால் ஒரு நாளைக்கு 65 வெள்ளி சொச்சம். 300 வெள்ளி சம்மன் ஒன்று வந்தால் உங்களுக்கு நாலரை நாள் உழைப்பு போய்விடும். லோரி முதலாளிக்கு அதே 300 ஒரு நடை வாடகையில் கரைந்துவிடுகிற காசு. ஒரே தொகை, ஆனால் வலி ஒன்றில்லை. இதைப் பேசுகிற சட்டமன்ற உறுப்பினரை நான் இன்னும் பார்க்கவில்லை.

பின்விளக்கு பல்பை மாற்றிவிட்டீர்களா தம்பி? இல்லை என்றால் இதைப் படித்து முடித்ததும் போய் மாற்றுங்கள்.

கேள்வி: என் கணவர் போக்குவரத்துப் போலிஸ். வெயிலிலும் மழையிலும் சாலையில் நிற்கிறார். கடைக்குப் போனால்கூட ‘உங்க வீட்டுக்காரர் நேத்து என் மகனைப் பிடிச்சிட்டாரு’ என்று சொல்கிறார்கள். இறந்தவரைச் சாலையிலிருந்து தூக்குவதும் அவர்தான், அதை யாரும் கேட்பதில்லை.

பதில்: அக்கா, இதைக் கேள்வியாக எடுக்காமல் அப்படியே போட வேண்டும் என்றுதான் போட்டேன். மேலே நான் எழுதியதில் உங்கள் வீட்டுக்காரரைப் போன்றவர்களைக் குறை சொல்ல நினைக்கவில்லை. எங்கே நிற்க வேண்டும், எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி அனுப்புவது மேலே இருப்பவர்கள். அவர் ஒரு நாள் நேரம் ஒதுக்கி நம் தமிழ்ப்பள்ளி ஐந்தாம், ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம், சாலையில் தான் பார்த்ததைப் பேச முடியுமா என்று கேட்டுப் பாருங்கள். பத்து ரோட் பிளாக் செய்யாததை அது செய்யும். பள்ளியிடம் நானே பேசுகிறேன்.

கேள்வி: என் மகனுக்குப் பதினேழு வயது. லைசன்ஸ் இல்லை. தோட்டத்துக்குள்ளேதான் ஓட்டுகிறான், எப்போதாவது பாசார் மாலாமுக்கு (இரவுச் சந்தைக்கு) போவான். போன வாரம் பிடித்துவிட்டார்கள். சின்னப் பையன் என்று விடக்கூடாதா?

பதில்: விடக்கூடாது அம்மா. நீங்கள் மனம் வருந்தினாலும் பரவாயில்லை.

லைசன்ஸ் இல்லாமல் ஓட்டினால் 1987 சாலைப் போக்குவரத்துச் சட்டம் பிரிவு 26-இன்படி 300 முதல் 2,000 வெள்ளி வரை அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, இரண்டும்கூட ஆகலாம். லைசன்ஸ் இல்லாதவனை ஓட்ட விடுகிறவர்மேலும் அதே பிரிவு பாயும், அதாவது சாவியைக் கொடுத்த உங்கள்மேலும். அதைவிட எனக்குப் பயம் இன்சூரன்ஸ்தான். நம் ஆட்கள் ‘ரோட் டேக்ஸ்தானே முடிஞ்சிருக்கு’ என்று சாதாரணமாகச் சொல்வார்கள். சின்ன மோட்டாருக்குச் சாலை வரி வெறும் 2 வெள்ளி, அதுவா பிரச்சினை? இன்சூரன்ஸ் எடுக்காமல் அந்த வரியைப் புதுப்பிக்க முடியாது. வரி முடிந்திருக்கிறது என்றால் இன்சூரன்சும் முடிந்திருக்கும். அப்படிப்பட்ட மோட்டார் ரோட்டில் நடந்து போகிற ஒரு பாட்டியை இடித்துவிட்டால், அந்தப் பாட்டியின் கால் உடைந்ததற்கு யார் பணம் கட்டுவது? உங்கள் மகனா? ஆகவே இதையும் சின்னத் தப்பு என்று என்னால் எழுத முடியாது.

மோட்டார் ஓட்டுவதற்கான பி2 லைசன்ஸை 16 வயதிலேயே எடுக்கலாம். வருமானம் குறைந்த பி40 குடும்பத்துப் பிள்ளைகளுக்காகப் போக்குவரத்து அமைச்சு மைலெசென் என்ற திட்டத்தில் பி2 லைசன்ஸ் எடுக்க உதவி செய்து வருகிறது. பக்கத்து டிரைவிங் ஸ்கூலில் இந்த வருடம் இடம் இருக்கிறதா என்று கேளுங்கள். அதுவரை சாவி உங்கள் இடுப்பிலேயே இருக்கட்டும்.

கேள்வி: சம்மனை எப்போது கட்டினால் நல்லது? தள்ளுபடி வரும் என்று காத்திருக்கலாமா?

பதில்: காத்திருக்காதீர்கள். அந்தப் பழக்கத்தை ஒழிப்பதற்காகத்தான் 2026 ஜனவரி 1 முதல் முறையை மாற்றியிருக்கிறார்கள். 15 நாளுக்குள் கட்டினால் பாதி, 16-ஆம் நாளிலிருந்து 30-ஆம் நாளுக்குள் கட்டினால் மூன்றில் ஒரு பங்கு கழிவு, அதற்குப் பிறகு 60 நாள்வரை முழுத் தொகை, அதையும் தாண்டினால் நீதிமன்றம். சில குற்றங்களுக்கு இந்தக் கழிவு கிடையாது, சம்மன் தாளைப் பாருங்கள். போலிஸின் மைபாயார் பிடிஆர்எம் செயலியிலேயே கட்டிவிடலாம். நீங்கள் செய்யாத குற்றம் என்று தோன்றினால் மாவட்டப் போக்குவரத்துப் போலிஸ் அலுவலகத்தில் போய் முறையிடுங்கள், அல்லது நீதிமன்றத்தில் ‘நான் குற்றவாளி இல்லை’ என்று சொல்லுங்கள். அது உங்கள் உரிமை.

அப்புறம், ‘காப்பி காசு’ கொடுத்து முடித்துவிட்டேன் என்று பெருமையாக எழுதிய இன்னொரு தம்பிக்கும் இதிலேயே பதில். கொடுத்ததும் குற்றம், வாங்கியதும் குற்றம். ஐம்பது வெள்ளி நீட்டுகிறவன் நிற்கிற வரிசையில்தான் அந்தக் கல் லோரிக்காரனும் நின்று ஐந்நூறு நீட்டுவான்.

கேள்வி: எல்லாவற்றையும் குறை சொல்கிறீர்கள். உங்களிடம் கேட்டால் நம் ஊரில் ரோட் பிளாக் எங்கே போடச் சொல்வீர்கள்?

பதில்: நல்ல கேள்வி. பாசார் மாலாம் வாசலிலும் டவுன் முச்சந்தியிலும் வேண்டாம், அங்கே யாரும் வேகமாகப் போக முடியாது. தோட்டத்துச் செம்மண் சாலை பெரிய சாலையில் வந்து ஏறுகிற இடம் இருக்கிறதே, தமிழ்ப்பள்ளிக்கு முந்தின வளைவு, அங்கே போட வேண்டும். கல் லோரி இறக்கத்தில் வருகிறது, மோட்டாரில் அம்மாவும் இரண்டு பிள்ளைகளும் குறுக்கே ஏறுகிறார்கள், ஒருவரை ஒருவர் பார்க்க முடியாதபடி செம்பனை மறைக்கிறது. போன மாதம் அங்கே நின்று நானே பார்த்தேன், கடைசிப் பிள்ளை தலையில் ஹெல்மெட் இல்லை, லோரியில் தார்ப்பாய் இல்லை, இரண்டுமே ஒரே நிமிடத்தில். லோரியின் பதிவு எண்ணும் படமும் நேரமும் ஜேபிஜே-க்கு (சாலைப் போக்குவரத்து இலாகாவுக்கு) அனுப்பியிருக்கிறேன். மைஜேபிஜே செயலியில் புகார் கொடுக்க வழி இருக்கிறது, நீங்களும் அனுப்புங்கள், ஓடுகிற மோட்டாரிலிருந்து படம் எடுக்காமல் நின்று எடுங்கள். மாவட்டப் போலிஸுக்கும் கடிதம் எழுதியாகிவிட்டது. அந்த வளைவில் பள்ளி நாட்களில் காலை 6.45 முதல் 7.30 வரை இரண்டு பேர் நின்றால் போதும் என்று கேட்டிருக்கிறேன். பதில் வந்ததும் இந்தப் பக்கத்தில் போடுகிறேன்.