29 வயதில் ஆஸ்திரேலியா: கடன் வாங்கிப் போகலாமா?

கேள்வி: வணக்கம் சார். எனக்கு 29 வயது. ஐடி நிறுவனத்தில் டெஸ்டிங் வேலை. பிடித்தம் போகக் கைக்கு மாதம் 62,000 ரூபாய் வருகிறது. ஆஸ்திரேலியாவின் ஒர்க் அண்ட் ஹாலிடே விசாவுக்கான குலுக்கலில் என் பெயர் வந்திருக்கிறது. ஒரு வருடம் அங்கே கிடைக்கிற வேலையைச் செய்துகொண்டு நாட்டைச் சுற்றிப் பார்க்க ஆசை. சேமிப்பும் எஃப்டியும் சேர்த்து 4.5 லட்சம் இருக்கிறது. மியூச்சுவல் ஃபண்டில் 1.2 லட்சம், பிஎஃப்பில் சுமார் 2 லட்சம் (மூன்றரை வருட சர்வீஸ்). கல்விக் கடனில் இன்னும் 2.6 லட்சம் பாக்கி, மாதத் தவணை 9,500. அப்பா ஓய்வு பெற்றுவிட்டார், அவருக்குச் சர்க்கரை நோய் உண்டு. ஒரு வருடத்தில் 15 லட்சம் மிச்சம் பிடிக்கலாம் என்று வீடியோக்களில் சொல்கிறார்கள். அதை நம்பி 3 லட்சம் பர்சனல் லோன் எடுக்கலாமா? பிஎஃப் பணத்தை எடுத்துவிடலாமா? போகலாமா, வேண்டாமா?

பதில்: தாராளமாகப் போகலாம். ஆனால் பர்சனல் லோன் வேண்டாம், பிஎஃப்பையும் தொட வேண்டாம்.

போகச் சொல்வதற்குக் காரணம் உங்கள் வயது. 31-வது பிறந்தநாள் வருவதற்குள் இந்த விசாவுக்கு விண்ணப்பித்துவிட வேண்டும். இந்தியர்களுக்கு வருடத்துக்கு 1,000 இடங்கள்தான். 2022 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த இந்திய-ஆஸ்திரேலிய வர்த்தக ஒப்பந்தத்தில் கிடைத்த வாய்ப்பு இது, 2024-ல்தான் முதல் குலுக்கலே நடந்தது. அடுத்த குலுக்கலில் மறுபடி பெயர் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வரவைக்கிறேன் என்று பணம் கேட்கும் ஏஜெண்டாலும் முடியாது.

சரி, அந்த 15 லட்சத்துக்கு வருவோம். டாலருக்கு 58 ரூபாய் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுகிறேன். 15 லட்சம் என்றால் கிட்டத்தட்ட 25,900 ஆஸ்திரேலிய டாலர்.

2025 ஜூலையில் அங்கே நிர்ணயித்த குறைந்தபட்சக் கூலி மணிக்கு 24.95 டாலர், அதை வைத்தே கணக்குப் போடுகிறேன். உங்களைப் போல் போகிறவர்களுக்குப் பெரும்பாலும் கேஷுவல் வேலைதான் கிடைக்கும். அதில் சம்பளத்துடன் லீவு கிடையாது, அதற்கு ஈடாக 25 சதவீதம் கூடுதல் கூலி. ஆக மணிக்குச் சுமார் 31.19 டாலர். வாரம் 30 மணி நேரம் வேலை கிடைத்தால் 936 டாலர். இந்த விசாவில் இருப்பவர்களுக்கு முதல் டாலரிலிருந்தே 15 சதவீத வரி, 45,000 டாலர் வருமானம் வரை இதே விகிதம்தான். வரி போக வாரத்துக்கு 795 கையில் நிற்கும்.

52 வாரமும் வேலை இருக்கும் என்று கணக்குப் போடாதீர்கள். வேலை தேடும் வாரங்கள், ஒரு முதலாளியிடமிருந்து அடுத்தவரிடம் மாறும் வாரங்கள் (ஒரே முதலாளியிடம் ஆறு மாதத்துக்கு மேல் வேலை பார்க்கக் கூடாது என்பது விசாவின் பொது விதி), சுற்றிப் பார்க்கும் வாரங்கள் எல்லாம் போக, 32 வாரம் வேலை என்று வைப்போம். மொத்தம் சுமார் 25,450 டாலர் கைக்கு வரும். அறையைப் பகிர்ந்துகொண்டு, வீட்டிலேயே சமைத்து, வாரம் 450 டாலரில் இழுத்துப் பிடித்து வாழ்ந்தால் வருடச் செலவு 23,400. சிட்னியில் இது சிரமம், சிறிய நகரங்களில் சாத்தியம். இங்கே கட்ட வேண்டிய கல்விக் கடன் தவணை வருடத்துக்குச் சுமார் 1,970 டாலர். கழித்துப் பாருங்கள், மிஞ்சுவது 100 டாலர்கூட இல்லை.

அதாவது, சாதாரணமாகப் போகும் ஒரு வருடத்தில் உங்கள் உழைப்பு உங்கள் சாப்பாட்டையும் வாடகையையும் தவணையையும் பார்த்துக்கொள்ளும். ஊர் சுற்றும் செலவு நீங்கள் கொண்டுபோகும் பணத்தில்தான் நடக்கும். 15 லட்சம் சேமித்தவர்கள் இருக்கலாம். சுரங்கப் பகுதியிலோ தொலைதூர ஊரிலோ தங்குமிடத்துடன் வேலை கிடைத்து, வாரம் 50 மணி நேரம் உழைத்து, எங்கும் போகாமல் இருந்திருப்பார்கள். நீங்கள் எழுதியிருக்கும் ஆசை அது இல்லையே.

இப்போது பர்சனல் லோன். 3 லட்சத்தை 14 சதவீத வட்டிக்கு மூன்று வருடத்துக்கு எடுத்தால் மாதத் தவணை சுமார் 10,250. கல்விக் கடனோடு சேர்த்தால் மாதம் 19,750 ரூபாய், அதாவது 340 டாலர். மேலே பார்த்த கணக்கில் இதற்கு இடமே இல்லை. அதைவிட எனக்குக் கவலை தருவது வேறு. அங்கே இளைஞர்கள் ஏமாற்றப்படும் விதம் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கிறது. குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே ரொக்கமாகக் கொடுப்பது, 'பழகிக்கொள்' என்று சொல்லி ஒரு வாரம் சும்மா வேலை வாங்குவது, 'தோட்ட வேலை இதோ வந்துவிடும்' என்று சொல்லி விடுதியில் உட்கார வைத்து வாரா வாரம் வாடகை கறப்பது. கையில் இரண்டு மாதச் செலவுக்குக் காசு இருப்பவர் மறுநாளே பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார். ஐந்தாம் தேதி தவணை கட்டியாக வேண்டியவர் பல்லைக் கடித்துக்கொண்டு அங்கேயே இருப்பார். தெரியாத நாட்டில் 'முடியாது' என்று சொல்ல உங்களுக்குத் துணை நிற்கப்போவது கையிருப்புதான். அதைக் கடனால் பலவீனப்படுத்தாதீர்கள்.

அப்படியானால் 4.5 லட்சம் போதுமா? இன்றே கிளம்பினால் போதாது. விசா விண்ணப்பத்தில் 5,000 டாலரும் திரும்பி வரும் டிக்கெட்டுக்கான பணமும் இருப்பதைக் காட்ட வேண்டும். 5,000 டாலர் என்பதே 2.9 லட்சம். விசா கட்டணம், மருத்துவப் பரிசோதனை, போலீஸ் சான்றிதழ், இரண்டு வழி டிக்கெட் எல்லாம் போனால் மீதி ஒன்றும் இராது. தவணைக்கும் அவசரத்துக்கும் எங்கே போவீர்கள்?

ஆனால் உங்களுக்குச் சாதகமான விதி ஒன்று இருக்கிறது. பலர் இதைக் கவனிப்பதில்லை. விசா கிடைத்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் முதல் தடவை உள்ளே நுழைந்தால் போதும், உங்கள் ஒரு வருடம் நுழைந்த நாளிலிருந்துதான் தொடங்கும். ஆகவே அழைப்பில் சொன்ன கெடுவுக்குள் விண்ணப்பித்துவிடுங்கள், வேலையை மட்டும் விடாதீர்கள். விசா வந்த பிறகு ஆறேழு மாதம் இங்கேயே வேலை பார்த்து, மாதம் 25,000 ஒதுக்குங்கள். 1.5 லட்சத்துக்கு மேல் சேரும். நீங்கள் கேட்கும் கடனில் பாதி, வட்டியில்லாமல். எஸ்ஐபி கட்டுகிறீர்கள் என்றால் இந்த மாதங்களில் நிறுத்தி, அதையும் இதில் சேர்த்துக்கொள்ளலாம்.

கிளம்பும்போது சுமார் 6 லட்சம் இருக்கும். அதில் விசா, டிக்கெட் செலவு போக, 5,000 டாலர் உங்களோடு வரட்டும். ஆறு மாதத் தவணையான 57,000 ரூபாயை இங்குள்ள கணக்கில் தனியாகப் போட்டுவிடுங்கள். கல்விக் கடனில் பெரும்பாலும் அப்பாவும் சேர்ந்து கையெழுத்துப் போட்டிருப்பார், நீங்கள் ஒரு தவணை தவறினால் அவர் சிபில் கணக்கிலும் அது ஏறும். திரும்பி வரும் டிக்கெட்டுக்கான பணத்தை எஃப்டியிலேயே விடுங்கள். அங்கே எத்தனை நெருக்கடி வந்தாலும் அதை உடைக்கக் கூடாது. மியூச்சுவல் ஃபண்டில் இருக்கும் 1.2 லட்சம் திரும்பி வந்து புது வேலை தேடும் மாதங்களுக்கு. பிஎஃப்பை ஐந்து வருட சர்வீஸ் முடியும் முன் எடுத்தால் வரி விழும். அப்படியே விட்டால் வட்டி ஏறிக்கொண்டே இருக்கும், அடுத்த வேலையில் சேரும்போது மாற்றிக்கொள்ளலாம்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். அப்பா, அம்மாவின் மருத்துவக் காப்பீடு உங்கள் கம்பெனி பாலிசியில் இருக்கிறதா? இருந்தால், நீங்கள் வேலையை விடும் நாளோடு அது போய்விடும். சர்க்கரை நோய் உள்ளவருக்குப் புதிதாகப் பாலிசி எடுத்தால் காத்திருப்புக் காலம் வரும், அது முடியும்வரை அந்த நோய்க்கான செலவைக் காப்பீடு தராது. குரூப் பாலிசியிலிருந்து அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனிப் பாலிசிக்கு மாறினால், ஏற்கெனவே கழித்த காலம் கணக்கில் சேரும். ராஜினாமா கடிதம் கொடுப்பதற்கு முன்பே எச்ஆரிடமும் காப்பீட்டு நிறுவனத்திடமும் பேசி இதை முடித்துவிடுங்கள். பிரீமியம் எவ்வளவு வந்தாலும் பயணச் செலவில் ஒரு பகுதியாகவே அதை நினைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கும் தனியாகக் காப்பீடு வேண்டும். அங்குள்ள அரசு மருத்துவத் திட்டமான மெடிகேர் இந்தியப் பயணிகளுக்குப் பொருந்தாது, ஒரு நாள் மருத்துவமனைவாசம் 5,000 டாலரில் பெரும்பகுதியை விழுங்கிவிடும்.

போய் இறங்கியதும் முதல் வேலை வரி எண் வாங்குவது. டிஎஃப்என் என்பார்கள், இணையத்தில் இலவசமாகவே விண்ணப்பிக்கலாம். அது இல்லாவிட்டால் சம்பளத்தில் உச்ச விகிதத்தில் வரி பிடிப்பார்கள். வேலையில் சேரும்போது, முதலாளி இந்த விசாக்காரர்களை வைத்துக்கொள்ள வரித்துறையில் பதிவு செய்திருக்கிறாரா என்று கேளுங்கள். பதிவு இல்லையென்றால் 15-க்குப் பதில் 30 சதவீதம் பிடிக்க வேண்டியிருக்கும். ஊழியராக வைக்காமல் 'ஏபிஎன் (தொழில் பதிவு எண்) எடுத்துக்கொண்டு வா' என்று சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள். உங்களைத் தனித் தொழில் செய்பவராகக் காட்டி, கூலி விதிகளிலிருந்து தப்பிக்கும் வழி அது. பழத்தோட்டங்களில் பறிக்கும் அளவுக்குக் கூலி என்பார்கள். 2022 ஏப்ரலிலிருந்து அந்த முறையிலும் மணிக்கணக்கில் குறைந்தபட்சத் தொகை உறுதி. குறைத்தால், கூலி விதிகளைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான ஃபேர் ஒர்க் ஆம்புட்ஸ்மனிடம் புகார் செய்யலாம். ஒவ்வொரு சம்பளச் சீட்டையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வரிக் கணக்கில் நம் பக்கமும் ஒன்று உண்டு. ஏப்ரல் முதல் மார்ச் வரையிலான நிதியாண்டில் 182 நாளோ அதற்கு மேலோ இந்தியாவில் இருந்திருந்தால், அந்த ஆண்டுக்கு நீங்கள் இந்திய வரிச் சட்டப்படி இங்கே குடியிருப்பவர். அந்த மார்ச்சுக்குள் அங்கே சம்பாதித்ததை இங்கும் கணக்கில் காட்ட வேண்டும். அங்கே கட்டிய வரியை இரு நாட்டு ஒப்பந்தப்படி கழித்துக்கொள்ளலாம். இதற்காகப் பயணத் தேதியை மாற்ற வேண்டாம். கிளம்பும் முன் ஒரு ஆடிட்டரிடம் அரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும். வங்கியிடமும் ஃபண்ட் நிறுவனத்திடமும் வெளிநாடு போவதைச் சொல்லி, கணக்கையும் கேஒய்சியையும் எப்படி மாற்றுவது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

கடைசியாக சூப்பர் பணம். சம்பளத்துக்கு மேல் 12 சதவீதத்தை முதலாளி உங்கள் பெயரில் ஓய்வூதிய நிதியில் போட வேண்டும், நம் பிஎஃப் மாதிரி. நாட்டை விட்டு வந்து விசாவும் முடிந்த பிறகு அதைத் திரும்பக் கேட்கலாம், ஆனால் உங்கள் விசாவுக்கு அதில் 65 சதவீதம் வரியாகப் போய்விடும். மேலே போட்ட கணக்கின்படி உங்களுக்கு 1,000 டாலர் அளவில் வரும். சிறிய தொகைதான், இருந்தாலும் 58,000 ரூபாய், அதாவது ஆறு மாதத் தவணை. எல்லா முதலாளிகளிடமும் ஒரே சூப்பர் கணக்கின் எண்ணையே கொடுங்கள். ஜூன் 30-ல் அவர்களின் நிதியாண்டு முடிந்ததும், அக்டோபர் 31-க்குள் வரிக் கணக்கைத் தாக்கல் செய்துவிடுங்கள். கூடுதலாகப் பிடித்த வரியும் சூப்பர் பணமும் வந்து சேரும்வரை அங்குள்ள வங்கிக் கணக்கை மூடாதீர்கள்.