டீசல் லாரியை விற்றுவிட்டு எலக்ட்ரிக் லாரி எடுக்கலாமா?

கடலூர் சிப்காட் லோடுக்கு, உலகச் சந்தைக்கே லாரி செய்கிறோம் என்னும் ஸ்டார்ட்அப்பை நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

கடலூரிலிருந்து சென்னைத் துறைமுகம் சுமார் 190 கி.மீ. எலக்ட்ரிக் லாரி தாராளமாகப் போகும். முழு லோடில் கிலோமீட்டருக்கு ஏறக்குறைய ஒன்றரை யூனிட் கரண்ட் இழுக்கும். 500 யூனிட் பேட்டரி 300 கி.மீ. தாண்டும். ஆனால் திரும்பிவர அங்கேயே சார்ஜ் போட்டாக வேண்டும். 240 கிலோவாட் சார்ஜரிலேயே முழுசாக நிரம்ப இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். திண்டிவனத்தில் டீ குடிக்கிற நேரத்தில் நடக்கிற காரியமில்லை! பேட்டரி எடையே மூன்று டன் வரும்.

மும்பை போன்ற தூர நடைக்கு வழியில் பல தடவை இப்படி நிறுத்தி சார்ஜ் போட வேண்டியிருக்கும்; அதற்கு இப்போதைக்கு வேண்டாம்.

கம்பெனி நிலைக்குமா என்பதுதான் எனக்குப் பெரிய பயம். அமெரிக்காவின் எலக்ட்ரிக் லாரி கம்பெனியான நிக்கோலா 2025 பிப்ரவரியில் திவால் மனு போட்டது. அப்புறம் உதிரிபாகத்துக்கு யாரிடம் போவது? ஒரு வண்டியை லீசுக்கு எடுத்து சென்னை நடைக்கு விடுங்கள். டீசல் வண்டி இருக்கட்டும்.