இறக்கிய சோனாருடன் துறைமுகத்துக்குள் வரலாமா?

தேங்காய்ப்பட்டணத்திலிருந்து விசைப்படகில் தொழிலுக்குச் செல்லும் ஒருவர், ஒலியலைகளால் மீன்கூட்டத்தைத் தேடும் கருவியான சோனாரைப் புதிதாகப் பொருத்தி, அதை இறக்கிய நிலையிலேயே கரைக்கு வரலாமா என்று கேட்டிருக்கிறார். வரவே கூடாது.

ஒலியலையால் ஆழத்தை அளக்கும் எக்கோ சவுண்டர் படகுக்கு நேர் கீழே பார்க்கிறது. சோனார் சுற்றிலும் பார்க்க வேண்டியிருப்பதால், ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கும் அதன் டிரான்ஸ்டியூசர் ஒரு தண்டின் முனையில் படகின் அடிப்பாகத்துக்கு வெளியே நீண்டு நிற்கிறது. அப்போது தரையை முதலில் தொடுவது அந்தத் தண்டுதான். குழித்துறையாறு கடலில் சேரும் நம் முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து ஆழம் குறைந்துவிடும் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. ஆகவே ஆழமுள்ள இடத்திலேயே அதை ஏற்றி, முழுவதும் ஏறிவிட்டதைக் காட்டும் விளக்கு எரிகிறதா என்று கண்ணால் பார்த்த பிறகே முகத்துவாரத்தை நெருங்குங்கள்.

வேகமும் முக்கியம். படகின் வேகம் இரு மடங்கானால் தண்டின்மேல் நீர் தரும் அழுத்தம் ஏறத்தாழ நான்கு மடங்காகிறது; கையேட்டில் குறித்த வேகத்துக்குக் கீழே வந்த பிறகே இறக்கவோ ஏற்றவோ வேண்டும். வலை அருகில் இருக்கும்போதும், படகைப் பின்னோக்கிச் செலுத்தும் முன்பும் அதே கவனம் தேவை.

மோட்டார் நின்றுவிட்டால் கைப்பிடியால் சுற்றி ஏற்றலாம். ஆனால் முதலில் மின்சாரத்தைத் துண்டித்துவிடுங்கள், ஏனெனில் மோட்டார் திடீரென ஓடினால் கைப்பிடி சுழன்று கையை முறித்துவிடும். படகின் அடியில் ஒருவர் மூழ்கி வேலை செய்யும்போதும் மின்சாரம் நிறுத்தப்பட்டிருக்க வேண்டும். கரையேற்றிய படகில் சோனாரை இயக்காதீர்கள். வெப்பத்தை வாங்கிக்கொள்ள நீர் இல்லாததால் டிரான்ஸ்டியூசர் பழுதாகும்.

தண்டு நுழையும் இடத்தில் நீர் கசிகிறதா என்று ஒவ்வொரு பயணத்துக்கும் முன்பு பாருங்கள்.