பக்கத்து வீட்டு கோலும் நம்ம வீட்டு டிவியும்

கேள்வி: பக்கத்து வீட்டில் டிஷ், என் வீட்டில் நெட் டிவி. அங்கே கோல் என்று கத்தி, பட்டாசும் வெடித்து முடித்த பிறகுதான் என் டிவியில் பந்தே வலைப்பக்கம் வருகிறது. 100 எம்பிபிஎஸ் கனெக்‌ஷன்தான். ஸ்பீடைக் கூட்டினால் சரியாகுமா? (வாசகர், குளச்சல்)

பதில்: ஆகாது, காசுதான் வீண். நேரலையைச் சில விநாடித் துண்டுகளாக வெட்டித்தான் இணையத்தில் ஏற்றுகிறார்கள். ஒரு துண்டு என்பது பெரும்பாலும் 6 விநாடி. அது முழுசாகச் சேர்ந்தால்தான் கிளம்பும், உங்கள் டிவியும் மூன்று துண்டாவது கையில் வந்த பிறகே ஓட்டத் தொடங்கும், நடுவில் நெட் தடுமாறினாலும் படம் நிற்கக் கூடாதே என்று. அதிலேயே 18 விநாடி போச்சு. ஒரே ஆட்டத்தை நாலைந்து தரத்தில் மாற்றுவது, ஊர் ஊராக இருக்கும் சர்வர்களுக்கு அனுப்புவது எல்லாம் சேர்ந்தால் அரை நிமிடம் சாதாரணம். டிஷ் சிக்னலோ 36,000 கிலோமீட்டர் மேலே போய்த் திரும்ப வந்தாலும் அந்தப் பயணத்துக்குக் கால் விநாடிதான், மற்ற வேலைகளையும் சேர்த்தால் சில விநாடி. 2022 உலகக் கோப்பை இறுதியாட்டத்தில் எம்பாப்பே 97 விநாடிக்குள் இரண்டு கோல் போட்டாரே, அந்த மாதிரி நேரத்தில் அரை நிமிடம் பிந்தினால் என்ன பாடு என்று குளச்சல்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒன்று செய்யலாம். நடுவில் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனால் அந்த நேரமும் தாமதத்தோடு சேர்ந்துவிடும். யூடியூபில் 'லைவ்' என்ற எழுத்துக்குப் பக்கத்தில் உள்ள சிவப்புப் புள்ளி சாம்பல் நிறமாகியிருந்தால் நீங்கள் பின்தங்கிவிட்டீர்கள். அதை ஒரு தட்டு தட்டுங்கள். மற்றபடி கால்பந்துக்கு டிஷ்தான், சந்தேகமே வேண்டாம். ஆனி மாதம் மழை கொட்டி அந்த வீட்டு டிவியில் 'சிக்னல் இல்லை' என்று வரும்போது நீங்கள் சத்தமாகக் கத்திக்கொள்ளலாம் மக்கா.

கேள்வி: தினம் 1.5 ஜிபி போனில் ஒரு மேட்ச் முழுசாகப் பார்க்க முடியுமா? (வாசகி, மார்த்தாண்டம்)

பதில்: எச்டியில் முடியாது. 5 எம்பிபிஎஸ் ஓட்டத்துக்கு முதல் பாதி முடிவதற்குள்ளேயே டேட்டா காலி. அமைப்புகளில் போய் படத் தரத்தை 480 என்று வைத்தால், சுமார் 1 எம்பிபிஎஸ்தான், ஒன்றரை மணி நேரமும் 700 எம்பிக்குள் அடங்கும். 'ஆட்டோ'வில் மட்டும் விடாதீர்கள், சிக்னல் நன்றாக இருந்தால் அது தானாகவே எச்டிக்கு ஏறிவிடும்.

கேள்வி: அம்மாவுக்குக் காசு கட்டாமல் என்னென்ன சேனல் வரும்? குவைத்தில் இருக்கும் தம்பிக்கும் அதே வருமா? (வாசகர், குலசேகரம்)

பதில்: தமிழ்ச் செய்திச் சேனல்கள் பல யூடியூபில் நாள் முழுக்க இலவசமாக ஓடுகின்றன. 2024 ஜனவரியில் பொதிகையிலிருந்து டிடி தமிழ் என்று பெயர் மாறிய தூர்தர்ஷன், பிரசார் பாரதியின் வேவ்ஸ் செயலியில் நேரலையாகக் கிடைக்கும். சன் டிவி சீரியல் வேண்டுமென்றால் சன் நெக்ஸ்ட்டுக்குச் சந்தா கட்டித்தான் ஆக வேண்டும். தம்பி விஷயம் வேறு. சினிமாவும் விளையாட்டும் நாடுவாரியாகத்தான் விற்கப்படுகின்றன, அதனால் இங்கே கட்டிய சந்தா அங்கே திறக்காமல் போகலாம். வருடச் சந்தா வாங்கும் முன் குவைத்தில் இருந்தபடியே ஒரு மாதச் சந்தா போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். எல்லாச் சேனலும் நூறு ரூபாய்க்கு என்று வாட்ஸ்அப்பில் வரும் ஏபிகே (பிளே ஸ்டோருக்கு வெளியே வரும் செயலிக் கோப்பு) பக்கம் மட்டும் போக வேண்டாம், அது திருட்டு நேரலை, அதே போனில்தானே வங்கிக் கணக்கும் இருக்கிறது.