லோடு எங்க கிடைக்கும், காசு எதுல நிக்கும்: ஒத்த லாரி ஓனர்களோட கேள்விகள்

டயர் ரீட்ரேடிங் (தேஞ்ச டயர் மேல புது ரப்பர் ஒட்டுறது) பத்தி முன்னாடி எழுதினப்புறம் வந்த கேள்விகள்ல பாதிக்கு மேல டயர் பத்தியே இல்ல, எல்லாரும் சுத்தி சுத்தி வாடகைக்குத்தான் வர்றீங்க. சரி, இந்த தடவை அதையே எடுத்துக்குறேன். ஒரு லாரி, மிஞ்சிப்போனா ரெண்டு லாரி வச்சிருக்கவங்களுக்கு மட்டும் இது, பெரிய ஃப்ளீட் கணக்கு வேற.

சங்ககிரியிலேர்ந்து: அண்ணே, புதுசா 12 சக்கர வண்டி எடுத்திருக்கேன், மாசம் டியூ 65,000. சேலத்துலேர்ந்து மும்பைக்கு ஜவ்வரிசி லோடு, டன்னுக்கு 2,800 சொல்றாங்க. கிலோமீட்டருக்கு எவ்வளவு வந்தா லாபம்னு சொல்லுங்க.

தம்பி, கிலோமீட்டர் கணக்கை முதல்ல தூக்கி ஓரமா வைங்க. வண்டி வீட்டு வாசல்லேர்ந்து கிளம்பி மறுபடி அதே வாசலுக்கு வர்ற வரைக்கும் ஒரு ரவுண்டு, அந்த ரவுண்டுல கையில மிஞ்சினது எவ்வளவு, அதுக்கு எத்தனை நாள் போச்சு, மிஞ்சினதை நாளால வகுத்தா என்ன வருதுன்னு பாருங்க, வேற எதையும் பாக்க வேண்டாம்.

உங்க வண்டி சரக்கோட சேர்த்து மொத்த எடை 35 டன், பாடியோட வெறும் வண்டி 11 டன்னு வைங்க, அப்ப சட்டப்படி 24 டன் ஏத்தலாம். போறதுக்கு 67,200. வர்றதுக்கு டன்னுக்கு 2,400 கிடைக்குதுன்னு வச்சா 57,600. மொத்தம் 1,24,800. கேக்க நல்லாத்தான் இருக்கு. இப்ப செலவு: போக வர 2,400 கிலோமீட்டர், லோடோட 3.75 மைலேஜ்னா 640 லிட்டர், லிட்டர் 93னு போட்டா 59,520. டோல் 16,000. டிரைவர் சம்பளம், பேட்டா 12,000. கமிஷன், ஏத்துக்கூலி, தார்ப்பாய், வழிச்செலவு 8,000. டயருக்கும் சர்வீசுக்கும் கிலோமீட்டருக்கு 5 ரூபா எடுத்து வச்சே ஆகணும், அது 12,000. கூட்டினா 1,07,520. மிச்சம் 17,280.

அடுத்து உங்க வண்டி சும்மா நின்னாலும் ஆகுற செலவு. டியூ 65,000, இன்சூரன்ஸ், பர்மிட், ரோடு டாக்ஸ், எஃப்சி (வண்டி தகுதிச் சான்று) எல்லாத்தையும் மாசத்துக்கு பிரிச்சா ஒரு 10,000. தேர்ட் பார்ட்டி பிரீமியம் மட்டுமே 2022ல வந்த ரேட்படி 20லேர்ந்து 40 டன் வண்டிக்கு 43,950, அதுக்கு மேல ஜிஎஸ்டி, அதுக்கு மேல ஓன் டேமேஜ், அதாவது நம்ம வண்டி சேதத்துக்கான பிரீமியம். ஆக நாளுக்கு 2,500 ரூபா உங்க வண்டி தின்னுட்டே இருக்கு.

மும்பை ரவுண்டை 7 நாள்ல முடிச்சா நாளுக்கு 2,469, வண்டி தின்னுற 2,500க்கு லேசா பத்தல. அன்லோடிங்குக்கு ஒரு நாள், ரிட்டர்ன் லோடுக்கு ஒரு நாள்னு 9 நாள் ஆச்சுன்னா 1,920, கைக்காசு போட்டுத்தான் டியூ கட்டணும். 9 நாள் ஆகும்னு தெரிஞ்சா போற வாடகையை 3,050க்கு கேளுங்க, அப்பதான் 2,500ஐ தாண்டும். நானே ஓட்டுறேன், டிரைவர் சம்பளம் மிச்சம்தானேன்னு சொல்வீங்க. அந்த 12,000 நீங்க ராத்திரி கண்ணு முழிச்சு ஓட்டினதுக்கு உங்க கூலி, வண்டி சம்பாதிச்சது இல்ல, ரெண்டையும் ஒரே பையில போட்டா வண்டி நஷ்டத்துல ஓடுறதே தெரியாம போயிடும்.

இப்ப இன்னொரு ரவுண்டு பாருங்க. நாமக்கல்லேர்ந்து பெங்களூருக்கு டன்னுக்கு 900 வாடகையில ஒரு லோடு, இறக்கிட்டு அங்கேர்ந்து தாவணகெரேக்கு 260 கிலோமீட்டர் எம்ப்டியா போயி மக்காச்சோளம் ஏத்திட்டு நாமக்கல் தீவன மில்லுக்கு டன்னுக்கு 1,400. வரவு 55,200. எம்ப்டியில 5 மைலேஜ் போட்டு டீசல் 23,715, டோல் 6,500, டிரைவர் 4,500, கமிஷன் கூலி 4,500, டயர் சர்வீஸ் 5,100. மிச்சம் 10,885. நாலு நாள் ஆனாலும் நாளுக்கு 2,721, மூணு நாள்ல முடிச்சா 3,600ஐ தாண்டுது. எம்ப்டியா ஓட்டினா பாவம்னு நம்ம ஆளுங்க நினைக்குறாங்க, ஆனா பெங்களூர்ல ரிட்டர்ன் லோடுக்காக ரெண்டு நாள் படுத்திருந்தா போற காசு அந்த 260 கிலோமீட்டர் டீசலை விட ஜாஸ்தி. நான் போட்ட ரேட்டெல்லாம் கணக்கு புரியறதுக்காக, நீங்க உங்க ரூட்டுல இன்னைக்கு ஓடுற ரேட்டை போட்டு பாருங்க. பேப்பர்ல போடுங்க, மனக்கணக்கு எப்பவும் நமக்கு சாதகமாவே வரும்.

திருச்செங்கோட்டிலேர்ந்து: ஆப்ல லோடு பாக்குறது நல்லதா, புக்கிங் ஆபீஸ்ல வாங்குறது நல்லதா?

ரெண்டும் வேணும், ஆனா வேற வேற வேலைக்கு. பிளாக்பக், வாஹக் மாதிரி ஆப்ல ரேட்டு எந்த பக்கம் ஏறுது இறங்குதுன்னு தெரிஞ்சுக்கலாம், தெரியாத ஊர்ல மாட்டினா ரிட்டர்ன் பிடிக்கலாம். ஆனா ஒரே லோடை நாலு புரோக்கர் போட்டிருப்பான், நீங்க போன் பண்ணினா அவன் இன்னொருத்தனுக்கு போன் பண்ணுவான், ஒவ்வொரு கையிலயும் கொஞ்சம் கழிஞ்சு உங்ககிட்ட வரும்போது எலும்புதான் மிஞ்சும். போன்ல முதல் கேள்வியா "லோடு உங்களோடதா, ஏத்துற இடத்தோட கேட் எந்த கம்பெனி பேர்ல இருக்கு"ன்னு கேளுங்க, இழுத்தா வச்சிடுங்க.

உள்ளூர்ல ஏத்துறதுக்கு ஆப் தேவையே இல்ல, புக்கிங் ஆபீஸும் நேர் பழக்கமும்தான். ஜவ்வரிசின்னா சேலம் சேகோசர்வ்ல (ஜவ்வரிசி உற்பத்தியாளர்களோட கூட்டுறவு சங்கம்) ஏலம் எடுக்குற வியாபாரிங்க யாரு, லீ பஜார்ல யாரு எந்த ஊருக்கு அனுப்புறாங்கன்னு நேர்ல போயி நாலு நாள் உக்காந்தா தெரிஞ்சிடும். நாமக்கல் தீவன மில்லுங்களுக்கு மக்காச்சோளம், சோயா புண்ணாக்கு வெளி மாநிலத்துலேர்ந்து வந்துட்டே இருக்கும், அங்க பர்சேஸ் பாக்குறவரோட பழகி வச்சா உங்க ரிட்டர்ன் லோடு வண்டி கிளம்பறதுக்கு முன்னாடியே முடிவாயிடும். இதைத்தான் நான் திரும்ப திரும்ப சொல்றது, ரிட்டர்னை முதல்ல பேசிட்டு அப்புறம் போற லோடை பேசுங்க. எல்லாரும் தலைகீழா பண்றாங்க, போற லோடுக்கு ஒரு நாள் பூரா பேரம் பேசிட்டு அந்த பக்கம் போயி கிடைச்ச ரேட்டுக்கு ஏத்திட்டு வர்றாங்க.

சரக்கு அனுப்புற ஒரு பார்ட்டி, ஒரு ரூட்டுன்னு பழகிட்டா ரேட்டு மார்க்கெட்டை விட 100, 150 கம்மியா இருந்தாலும் எடுங்க. காத்துக்கிடக்குற நாள் மிச்சம்.

ஈரோட்டிலேர்ந்து: பேலன்ஸ் வாடகை ரெண்டு மாசமா வரல. எல்ஆர் (லாரி ரசீது) கொண்டுபோயி குடுத்தாச்சு, கேட்டா பார்ட்டி குடுக்கலைங்கறாங்க. என்ன பண்றது?

இந்த கேள்வி எல்லா ஊர்லேர்ந்தும் வந்திருக்கு. இனி வர்ற லோடுக்கு முதல்ல சொல்றேன். அட்வான்ஸ் வாங்கும்போது டீசல், டோல், டிரைவர் செலவு மூணும் அடங்குதான்னு பாருங்க, அடங்கலன்னா அந்த வண்டிய நீங்க அடுத்தவனுக்கு வட்டியில்லாம கடனா குடுக்குறீங்க. பேலன்ஸ் எத்தனை நாள்ல, பிஓடி (சரக்கு இறக்கினதுக்கு கையெழுத்து வாங்கின பேப்பர்) போட்டோ அனுப்பினா போதுமா இல்ல ஒரிஜினல் வரணுமா, டேமேஜ் ஷார்ட்டேஜ் எப்படி பிடிப்பீங்கன்னு வாட்ஸ்அப்லயாவது எழுத்துல வாங்குங்க. இறக்கும்போது எல்ஆர்ல சீல், கையெழுத்து, இறக்கின தேதி, டைம் நாலும் இருக்கணும். "ரிசீவ்டு" மட்டும் போட்டு குடுத்தா பின்னாடி ஷார்ட்டேஜ்னு கதை சொல்ல வழி இருக்கு.

அடுத்தது நிறைய பேர் பண்ணாத வேலை, உதயம் ரெஜிஸ்ட்ரேஷன், அதாவது மத்திய அரசோட சிறு தொழில் பதிவு. ஆன்லைன்ல காசு கிடையாது, ஆதாரும் பானும் போதும். சர்வீஸ் பண்ற சிறு தொழில்னு நம்ம வண்டியும் அதுல வரும். எம்எஸ்எம்இ (சிறு, குறு, நடுத்தர தொழில்) சட்டப்படி எழுத்துல ஒப்பந்தம் இருந்தா அதிகபட்சம் 45 நாள், இல்லன்னா 15 நாள்ல குடுக்கணும், தாண்டினா கூட்டு வட்டி, அந்த துறையோட ஆன்லைன் போர்ட்டல்ல புகார் போடலாம். அதோட 2024-25 அசெஸ்மென்ட் வருஷத்துலேர்ந்து வருமான வரியில 43பி(எச்)னு ஒரு பிரிவு வந்துச்சு, இந்த கெடுவுக்குள்ள குடுக்காத பாக்கிய அந்த வருஷ செலவா பார்ட்டி காட்ட முடியாது, எப்ப குடுக்குறானோ அந்த வருஷம்தான். இதுக்கு அவங்க ஆடிட்டர் பயப்படுவாரு. பில்லுல உதயம் நம்பர் போட்டு அனுப்புங்க, மார்ச் மாசம் வந்தா அவங்களே போன் பண்ணுவாங்க.

ஒண்ணு ஞாபகம் வைங்க, வண்டி ஓடறதுக்கு முன்னாடியே ரெஜிஸ்டர் பண்ணியிருக்கணும், பழைய பாக்கிக்கு இப்ப பண்ணி பிரயோஜனம் குறைவு. உங்க ரெண்டு மாச பாக்கிக்கு, இடையில இருக்க புரோக்கரை விட்டுட்டு எல்ஆர்ல பேர் இருக்க அனுப்புனருக்கு தேதி, லோடு, பாக்கி தொகை எல்லாம் போட்டு ஸ்பீட் போஸ்ட்ல லெட்டர் அனுப்புங்க. அவரு டிரான்ஸ்போர்ட்டுக்கு எப்பவோ குடுத்திருப்பாரு, உங்களுக்கு வரலைன்னு தெரிஞ்சா அவரே அந்த பக்கம் கேப்பாரு.

கரூரிலேர்ந்து: பார்ட்டி 30 டன் ஏத்தச் சொல்றாரு, முழு வாடகையும் தர்றாராம்.

வேண்டாம். 24 டன் வண்டியில 30 ஏத்தினா கூட கிடைக்கிறது மேல சொன்ன மும்பை ரேட்டுல 16,800. ஒரே ஒரு இடத்துல பிடிச்சா 2019 திருத்தத்துக்கு அப்புறம் 20,000 ஃபைன், கூடுதலா இருக்க ஒவ்வொரு டன்னுக்கும் 2,000, ஆக 32,000, அதோட அந்த 6 டன்னை அங்கேயே இறக்கணும், இறக்கின சரக்குக்கு யாரு காவல்? டயர், பிரேக், கிளட்ச் தேய்மானம் தனி.

நாமக்கல்லேர்ந்து: ஆடி மாசம் லோடே இல்ல, எப்படி சமாளிக்கிறீங்க?

ஆடியில லோடு இருக்காதுன்னு வருஷா வருஷம் தெரியும், அப்ப அதை பிளான்ல வைக்கணும். ஜூன்லேர்ந்து செப்டம்பர் வரைக்கும் மேற்கு கடற்கரை பூரா மழை, கட்டட வேலை மந்தம், சிமெண்ட், கம்பி, டைல்ஸ் எல்லாம் படுத்துடும். எஃப்சி, பெயிண்ட், பாடி வேலை, என்ஜின் வேலை இதெல்லாம் அந்த டைம்ல வைங்க. வண்டி 8 வருஷம் தாண்டிட்டா எஃப்சி வருஷா வருஷம்தான், அந்த தேதி சீசன்ல வந்து விழாம பாத்துக்கோங்க.

அக்டோபர்லேர்ந்து நிலைமை மாறும். கர்நாடகா மக்காச்சோளம், மகாராஷ்டிரா மத்திய பிரதேசம் சோயா அறுவடை, குஜராத் தெலுங்கானா பக்கத்துலேர்ந்து பஞ்சு பேல் கோயம்புத்தூர், ராஜபாளையம் மில்லுங்களுக்கு, நம்ம பக்கம் மரவள்ளி அறுவடை ஆரம்பிச்சா ஜவ்வரிசி. மார்ச்ல கம்பெனிங்க வருஷக் கணக்கு முடிக்கணும்னு சரக்கை தள்ளுவாங்க, அந்த கடைசி ரெண்டு வாரம் வண்டி கிடைக்காம பார்ட்டி கெஞ்சுவான், அப்ப போயி பழைய ரேட்டுக்கு ஒத்துக்காதீங்க. வெயில் காலத்துல தூத்துக்குடி உப்பு இருக்கு, வாடகை பரவால்ல, ஆனா உப்பு லோடு அடிச்சா வண்டிய நல்லா தண்ணி விட்டு கழுவலைன்னா சேஸிஸ் துரு பிடிச்சிடும், அந்த செலவையும் வாடகையில கழிச்சுக்கோங்க. சீசன்ல வர்ற காசுல ரெண்டு டியூ எடுத்து தனியா போட்டு வைக்கிறவனுக்கு ஆடி ஒண்ணும் பெருசா தெரியாது.

ஓசூரிலேர்ந்து: டிரான்ஸ்போர்ட்ல டிடிஎஸ் (வாடகையிலேயே கழிக்கிற வருமான வரி) பிடிக்கிறாங்க, ஜிஎஸ்டி நம்பர் வேற கேக்குறாங்க. எடுக்கணுமா?

10 வண்டிக்குள்ள வச்சிருக்கவங்க பான் நம்பரோட ஒரு டிக்ளரேஷன் எழுதி குடுத்தா சரக்கு வாடகையில டிடிஎஸ் பிடிக்கக் கூடாது, அந்த பேப்பரை வருஷம் ஆரம்பத்துலயே எல்லா ஆபீஸ்லயும் குடுத்துடுங்க. வண்டிய டிரான்ஸ்போர்ட் கம்பெனிக்கு வாடகைக்கு விடுறதுக்கு ஜிஎஸ்டி கிடையாது. நீங்களே எல்ஆர் போட ஆரம்பிச்சா கதை வேற, அப்ப நீங்களே டிரான்ஸ்போர்ட் ஏஜென்சி ஆயிடுறீங்க. வருமான வரிக்கு 12 டன்னுக்கு மேல உள்ள வண்டின்னா மொத்த எடையில டன்னுக்கு மாசம் 1,000 ரூபா வருமானம்னு காட்டிட்டு போகலாம், கணக்குப் புஸ்தகம் வேண்டாம். 35 டன் வண்டிக்கு வருஷம் 4,20,000. ஒழுங்கா ரிட்டர்ன் தாக்கல் பண்ணி வச்சா அடுத்த வண்டிக்கு பேங்க் லோன் கேக்கும்போது உதவும், இல்லன்னா பைனான்ஸ்காரன் சொல்ற வட்டிதான்.

மறுபடி சங்ககிரியிலேர்ந்து, வேற ஒருத்தர்: மும்பையில இறக்காம மூணு நாள் போட்டுட்டாங்க, இவே பில் வேற முடிஞ்சிருச்சு.

இவே பில், அதாவது சரக்கோட போற ஜிஎஸ்டி ஆன்லைன் சீட்டு, 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள் செல்லும். 1,200 கிலோமீட்டர்னா 6 நாள். அந்த சீட்டோட பார்ட் பிங்கற பகுதியில வண்டி நம்பர் போட்ட நிமிஷத்துலேர்ந்து அது ஓட ஆரம்பிச்சிடும், நிறைய பார்ட்டிங்க வண்டி கேட்டுக்குள்ள வந்ததுமே போட்டுடுறாங்க, லோடு ஏற ஒரு நாள் ஆனா அந்த நாள் போச்சு. கிளம்பும்போது போடச் சொல்லுங்க. முடியறதுக்கு 8 மணி நேரம் முன்னாடியிலேர்ந்து முடிஞ்சு 8 மணி நேரம் வரைக்கும் எக்ஸ்டென்ட் பண்ணலாம், அதை தாண்டினா சிக்கல்.

ஹால்டிங்குக்கு, அதாவது வண்டி காத்துக்கிடந்ததுக்கு வாங்குற காசுக்கு, போய் சேர்ந்த டைமை கேட்ல என்ட்ரி போட வைங்க, போட மாட்டேன்னா கேட்டுக்கு முன்னாடி வண்டிய நிறுத்தி டைமோட போட்டோ எடுத்து அனுப்பினவருக்கு, புரோக்கருக்கு ரெண்டு பேருக்கும் வாட்ஸ்அப் பண்ணுங்க. முதல் 24 மணி நேரம் ஃப்ரீ, அதுக்கு மேல நாளுக்கு இவ்வளவுன்னு லோடு பேசும்போதே சொல்லிடணும், அந்த இவ்வளவு 2,500க்கு கீழ இருக்கவே கூடாது, ஏன்னு முதல் கேள்வியிலயே பாத்தாச்சு. முன்னாடியே பேசலன்னா இந்த மூணு நாளுக்கு பாதி கிடைச்சாலே வாங்கிட்டு கிளம்புங்க, அங்க நின்னு சண்டை போட்டா நாலாவது நாளும் போயிடும்.