ஜனநாயக விரோதம் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

'ஜனநாயக விரோதம்' என்று இன்று எல்லாக் கட்சியும் எதிர்க்கட்சியைத் திட்டுகிறது. அந்தச் சொல்லுக்கு உண்மையில் என்ன பொருள்? ஜனநாயகத்தை ஏற்காத பிளேட்டோவும் விரோதியா? தேர்தலில் ஜெயித்தவரை அப்படிச் சொல்லலாமா? ஹிட்லரே மெஜாரிட்டி வாங்கித்தானே வந்தார்?

கதிர்

அன்புள்ள கதிர்,

பிளேட்டோவை விடுங்கள். ஓர் ஆட்சிமுறை மோசம் என்று வாதிடுவது கருத்து, அவ்வளவுதான். மேடையில் திட்டுபவர்களையும் விடுங்கள். உங்கள் கடைசி வரியைப் பற்றித்தான் சில நாட்களாக யோசித்துக்கொண்டிருக்கிறேன். தேடிப் படிக்கிறவர் நீங்கள், அதனால்தான் கோபம் வருகிறது. எண்களைப் பார்க்காமல் இதை எப்படி எழுதினீர்கள்?

1932 நவம்பரில் ஜெர்மன் நாடாளுமன்றத் தேர்தலில் ஹிட்லரின் நாஜிக் கட்சி பெற்றது 33.1 சதவீத ஓட்டு. 1933 ஜனவரி 30 அன்று ஹிட்லரைச் சான்சலராக, அதாவது அரசின் தலைவராக, நியமித்தவர் குடியரசுத் தலைவர் ஹிண்டன்பர்க். பிப்ரவரி 28 அவசர ஆணையில் பேச்சுரிமையும் கூட்டம் கூடும் உரிமையும் போயின. எதிர்ப்பவர்களைப் பிடித்து உள்ளே போட்டுவிட்டு நடத்திய மார்ச் 5 தேர்தலிலும் 43.9 சதவீதம்தான். இதுவா மெஜாரிட்டி?

அடுத்து வந்தது அதிகாரமளிப்புச் சட்டம். நாடாளுமன்றத்தைக் கேட்காமல் அமைச்சரவையே சட்டம் போடலாம், அரசியல் சாசனத்தை மீறியும் போடலாம். இதை நிறைவேற்ற, மொத்தம் 647 உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 432 பேர், அவையில் இருக்கவேண்டும். வாக்களிப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரிக்கவும் வேண்டும். அரசுத் தரப்பிடம் இருந்தது 340. கம்யூனிஸ்ட்கள் 81, சமூக ஜனநாயகவாதிகள் 120. இந்த 201 பேரும் வராவிட்டால் மிச்சம் 446. இன்னும் 15 பேர் குறைந்தால் கூட்டமே செல்லாது. அதனால் முதலில் அவை விதியைத் திருத்தினார்கள்: தக்க காரணமின்றி வராதவரும் வந்தவராகவே கணக்கிடப்படுவார்!

இந்த இடத்தில் நின்று நிதானமாகப் பாருங்கள். கம்யூனிஸ்ட்களில் ஒருவரையும் உள்ளே விடவில்லை. சமூக ஜனநாயகவாதிகளில் 26 பேர் சிறையிலோ தலைமறைவாகவோ இருந்தார்கள். வெளிநடப்பு செய்து தடுக்கும் வழியையும் விதி அடைத்துவிட்டது. எதிர்த்து வாக்களிக்கக்கூடியவனை வரவிடாமல் செய்வது, வராமலிருந்து தடுப்பவனை வந்ததாக எழுதிக்கொள்வது. நீங்கள் கேட்ட சொல்லை இதற்குத்தான் பயன்படுத்தவேண்டும். ஓட்டு எவ்வளவு வாங்கினார் என்பது இரண்டாம்பட்சம்.

மார்ச் 23 அன்று நாடாளுமன்றம் கூடிய க்ரோல் ஓபரா அரங்கில், நாஜிகளின் பழுப்புச் சட்டைப் படையினர் சூழ்ந்து நிற்க, சமூக ஜனநாயகவாதிகளின் தலைவர் ஓட்டோ வெல்ஸ் மட்டும் எழுந்து எதிர்த்துப் பேசினார். கத்தோலிக்க மையக் கட்சி ஹிட்லரின் வாய்வார்த்தையை நம்பி ஆதரித்தது. ஆதரவு 444, எதிர்ப்பு 94. நான்கே ஆண்டுகளுக்கு என்று போட்ட சட்டம் 1937, 1939, 1943 என மூன்று முறை நீட்டிக்கப்பட்டது.