கேளுங்க, சொல்றன்: மில்லுச் சத்தமும் நம்மட காதும்

கேள்வி: நானா, சம்மாந்துறைப் பக்கம் ஒரு நெல் மில்லுல நாலு வருசமா வேல செய்றன், வயசு 27. வேளாம வெட்டுற காலத்துல பத்து மணித்தியாலம் பன்னெண்டு மணித்தியாலம் எண்டு போகும். இப்ப கொஞ்ச நாளா ராவைக்குப் படுத்தா காதுக்குள்ள "கீ..." எண்டு ஒரு சத்தம், விடியக்க போயிரும். டீவிய நான் கூட்டி வைக்கிறன் எண்டு மனிசி சண்ட புடிக்கிறா. வலி ஒண்டும் இல்ல. இது பயப்படுற விசயமா?

பதில்: ஓம் தம்பி, கொஞ்சம் பயப்படத்தான் வேணும். வலிக்காம நடக்கிறதுதான் இதுல பொல்லாத்தனமே. கை மெசினுக்குள்ள மாட்டினா அந்த இடத்துலயே தெரியும், காது அப்பிடியில்ல, வருசக்கணக்குல கொஞ்சம் கொஞ்சமாப் போகும், போய் முடிஞ்ச பிறகுதான் நமக்கு விளங்கும்.

நானும் மில்லு பிட்டர்தான், 22 வருசம். அந்த நாளையில காதுக்கு ஏதும் போடுறவன் பொம்புளப் புள்ள மாதிரி எண்டு சிரிப்போம். போன மாரியில ஒரு ராத்திரி கரண்ட் போய் வாசல்ல இருக்கக்குள்ள பேத்தி சொல்றாள், தவளையும் சில்வண்டும் என்ன கத்துக் கத்துது எண்டு. எனக்குத் தவள மட்டும்தான் கேட்டிச்சி. சில்வண்டு எங்க எண்டு கேட்டன், அவள் நான் பகிடி விடுறன் எண்டு நெனச்சிட்டாள்.

சத்தத்தால கெட்டுப் போற காது அப்பிடித்தான், முதல்ல கீச்சுச் சத்தம் போகும், 4000 ஹேர்ட்ஸ் (சத்தம் எவ்வளவு கீச்சு எண்டு சொல்ற அளவு) பக்கத்துலதான் முதல் ஓட்ட விழும். காதுக்கு உள்ளுக்க நத்தை ஓடு மாதிரி ஒரு சுருள் இருக்கு, அதுக்குள்ள ஒரு காதுக்கு 15,000 அளவுல, சத்தத்தப் புடிக்கிற மயிர்க் கலங்கள். செத்த கலம் திரும்ப முளைக்காது. பேச்சுல 'ச', 'த', 'க' எல்லாம் கலங்கிரும், ஆள் பேசுற சத்தம் கேக்கும் ஆனா சொல் விளங்காது, சட்டி எண்டா தட்டி எண்டு கேக்கும். உங்கட மனிசிக்கிட்ட "ஆ? ஆ?" எண்டு கேக்குறீங்களா எண்டு யோசிச்சுப் பாருங்க.

சத்தத்துக்குள்ள எவ்வளவு நேரம் நிக்கலாம் எண்ட கணக்கு இதுதான்: 85 டெசிபல் (சத்தத்த அளக்கிற அலகு) எண்டா ஒரு நாளைக்கு 8 மணித்தியாலம், அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபல் கூடக் கூட நேரம் அரைவாசி. 88க்கு 4 மணித்தியாலம், 91க்கு 2, 100க்கு வெறும் 15 நிமிசம். மீற்றர் இல்லாட்டி, ஒரு கை தூரத்துல நிக்கிற ஆளோட கத்திப் பேச வேண்டி வந்தா 85ஐத் தாண்டிட்டு எண்டு வச்சுக்கங்க. பன்னெண்டு மணித்தியாலம் நிக்கிற உங்களுக்கு 85உம் கூடத்தான்.

காதுக்குள்ள வைக்கிற பிளக்கப் பத்திப் பேச முதல் மொதலாளிட்ட மெசினப் பத்திப் பேசுங்க. பெயாரிங் காஞ்சு கத்துதா, பெல்ட் அடிக்குதா, தகரம் ஆணி கழண்டு அதிருதா, நெல் விழுற தகரத் தவாளிக்கு உள்ளால பழைய டயர் ரப்பர் அடிக்கேலுமா, மெசின் காலுக்குக் கீழ ரப்பர் வைக்கேலுமா? நான் பாத்த மில்லுகள்ல பாதிச் சத்தம் பராமரிப்பு இல்லாத சத்தம். அதோட ஆக்கள மாத்தி மாத்தி விட்டா ஒருத்தனே முழு நாளும் அதுக்குள்ள நிக்கத் தேவயில்ல. சொல்லியும் கேக்காட்டி தொழில் திணைக்களத்துல தொழிற்சாலைப் பரிசோதனைப் பொறியியலாளர் எண்டு ஆள் இருக்கிறார், 1942ஆம் ஆண்டு 45ஆம் இலக்க தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் சும்மா புத்தகத்துல கிடக்கிறதுக்கு இல்ல.

அதுக்குப் பிறகும் மிஞ்சுற சத்தத்துக்குத்தான் ஃபோம் பிளக், ஸ்பொஞ்சு மாதிரி இருக்கும். கைய நல்லாக் கழுவி மெல்லிசா உருட்டி, மற்றக் கைய தலைக்கு மேலால கொண்டு வந்து காத மேலயும் பின்னுக்கும் இழுத்து, உள்ளுக்க விட்டு அரை நிமிசம் அமத்திப் புடிக்கணும், ஊதி அடைக்கும் வரைக்கும். பாதிக்கு மேல வெளிய நீட்டிட்டு நிண்டா அது போடாத மாதிரித்தான். ஒரு விசயம் பலருக்குத் தெரியாது: வேல நேரத்துல அரைவாசிக்குக் கழட்டி வச்சா எவ்வளவு விலையான பிளக் எண்டாலும் உங்களுக்குக் கிடைக்கிறது 3 டெசிபல் பாதுகாப்புத்தான்.

காதுப் பரிசோதனை ஒண்டும் எடுங்க. லீவு நாள் ஒண்டு முடிஞ்சு போங்க, கடைசி 14 மணித்தியாலமாவது சத்தத்துக்குள்ள நிக்காம இருந்தாத்தான் சரியான கணக்கு வரும்.

கேள்வி: மருதமுனையில பவர்லூம் ஓட்டுறன். காதுக்குப் போட்டா நூல் அறுறது, தறி பிழைக்கிறது கேக்காதே? இப்ப வீட்டுப் பஞ்சுதான் வைக்கிறன்.

பதில்: வீட்டுப் பஞ்சு மனசுக்கு ஆறுதல் மட்டும்தான் தங்கச்சி, சத்தம் அதுக்குள்ளால போயிரும். நல்ல காது எண்டா அந்தளவு சத்தத்துக்குள்ள பிளக் போட்டுத்தான் தறி பிழைக்கிறது இன்னும் தெளிவாக் கேக்கும், வெயிலுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டா மாதிரி. முதல் ஒரு கிழமை உங்கட குரலே பானைக்குள்ள பேசுற மாதிரி இருக்கும், பழகிரும். ஆனா சத்தத்த ஆகக் கூடக் குறைக்கிற பிளக் வாங்கி முழுசா அடைச்சிராதீங்க, காதுக்குள்ள போற சத்தம் 75, 80 டெசிபல் அளவுல இருந்தாப் போதும். ஏற்கனவே கேக்குறது குறைவான ஆளுக்கு இது வேற கதை, அவங்க காது டெஸ்ட் எடுத்துட்டுத்தான் பிளக்கத் தெரிவு செய்யணும்.

கேள்வி: ஐயா, வாழைச்சேனையில இருந்து எழுதுறன். அப்பா தச்சு வேலை, மரம் அரியிற மெசினோட முப்பது வருசம். இப்ப காது சரியா கேக்குதில்ல. எண்ணெய் காய்ச்சி விட்டா சரிவருமா?

பதில்: வேணாம் மனே. பழுதானது செவிப்பறைக்கும் அங்கால, எண்ணெய் அங்க போய்ச் சேராது, பறையில ஓட்ட இருந்தா சீழ் புடிச்சு இன்னும் வில்லங்கம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலை காது மூக்கு தொண்டை கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போங்க, சில நேரம் காதுக் குடும்பி அடைச்சதும் சேந்திருக்கும், அத எடுத்தாலே கொஞ்சம் திறக்கும். மிச்சத்துக்குக் காது கேக்கிற மெசின் வைக்கச் சொன்னா வைக்கட்டும். அதுவரைக்கும் அப்பாவோட பின்னால நிண்டு கத்தாதீங்க, முன்னுக்கு வந்து முகத்தப் பாத்து ஆறுதலாப் பேசுங்க. என்ட வீட்டுலயும் இதத்தான் சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது.